பாதிக் கட்டில்

குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்து ஆஸ்பத்திரி சன்னல்களை நனைத்துக்கொண்டிருந்த மதியம், உமாசங்கரை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து மாடி வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். குடலில் விழுந்த ஓட்டையைத் தைத்தாகிவிட்டது, ஐசியூ தேவையில்லை, வார்டே போதும் என்றார் டாக்டர். அச்சன்புதூரிலிருந்து கூட வந்திருந்த அவன் மனைவி வித்யாலட்சுமிக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

ஆனாலும் அவளால் உட்கார முடியவில்லை. மருந்து நெடிக்கு அடியில், ஈரத்துணி மக்கிய வாடை ஒன்று வந்துகொண்டே இருந்தது. எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினாள்.

வாடை கூடியது.

திரும்பியபோது கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். மூக்கில் பிளாஸ்திரி, வயிற்றில் பெரிய கட்டு.

"என்னையும் வார்டு போதும்னுதான் சொன்னாவ," என்று முணுமுணுத்தார். "உள்ள கொண்டுபோகச் சொல்லு தாயி."

அவள் கணவனைக் குனிந்து பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை.

நிமிர்ந்தபோது பெரியவர் இல்லை.

அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஹாஜரா பீவி ஓடிவந்து நாடி பிடித்துப் பார்த்தாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்றார்கள். மறுபடி ஆபரேஷன். இந்த முறை நேராக ஐசியூ. கொஞ்சம் தாமதித்திருந்தாலும் ஆள் தங்கியிருக்க மாட்டார் என்று டாக்டரே சொன்னார்.

பெரியவரைப் பற்றி ஹாஜராவிடம் கேட்டாள். போன சீசனில் அதே கட்டிலில் அப்படி ஒருவர் இருந்ததாகவும், ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியிலேயே இறந்துபோனதாகவும் சொல்லிவிட்டு ஹாஜரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வித்யாலட்சுமி அந்தப் பெரியவரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஐசியூவுக்குள் அவளை விட்டார்கள். உமாசங்கர் கட்டிலின் விளிம்பில் ஒடுங்கிக் கிடந்தான். விழுந்துவிடப் போகிறீர்கள், நடுவில் படுங்கள் என்றாள்.

"ஏட்டி, எடம் இல்ல." குரல் காற்றாக வந்தது. "என்கூடவேதான் உள்ள வந்தாரு. எறங்கவே மாட்டேங்காரு."

காலியாக இருந்த பாதியில் அவள் கை வைத்தாள்.

மெத்தை குழிந்திருந்தது. சில்லென்றிருந்தது.

அன்றிலிருந்து அவள் ஐசியூ வாசலை விட்டு நகரவில்லை; எப்போது வெளியே விடுவீர்கள் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டாள். ஒரு காலை, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் அவனை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். அழைத்துப்போக வார்டிலிருந்து வந்திருந்த ஹாஜரா, காலியான கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, போர்வையை நீளமாக விரித்துவிட்டு வந்தாள்.

கதவருகே வித்யாலட்சுமி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

போர்வை மெல்ல மேலேறியது.

தாழ்ந்தது.

மறுபடி ஏறியது.