நாலாவது ஜோடி பூட்ஸ்

கவுண்டரின் மேல் நாலு ஜோடி குட்டி பூட்ஸ்கள் இருந்தன. ரஹீமா பீவியோடு வந்த பிள்ளைகள் மூன்றுதான்.

"இது எங்களுக்கு வேணாம்," என்று கடைசி ஜோடியை அவள் திருப்பித் தள்ளினாள். இருப்பதிலேயே சின்ன ஜோடி அதுதான். பூட்ஸ் கொடுக்கும் நேபாளத்துப் பெண் கவுண்டருக்கு மேலாக எட்டி ரஹீமாவின் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். "அந்தப் பாப்பா வெறுங்காலோட நிக்குதே மேடம்," என்றாள் இந்தியில்.

ரஹீமா திரும்பினாள். யாரும் இல்லை. வாட்டர் பார்க்கிலிருந்து வரும் கதவு வரைக்கும் தரையில் ஈரமான பாதத் தடங்கள் இருந்தன, உள்ளங்கை அகலம்கூட இல்லாத பாதங்கள். தண்ணீரில் ஆடிவிட்டு வருகிற பிள்ளைகள் சொட்டச் சொட்டத்தானே வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு, கடைக்குட்டி ஆமிராவின் பூட்ஸை மாட்டிவிடக் குனிந்தாள்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த வளைகுடா ஊரில் காசு கொடுத்துக் குளிரில் நடுங்குவதற்கென்று தகரக் கூரைக்குள் ஒரு பனிமலை. மலை என்பதெல்லாம் பேர்தான், தேராப் பகுதியில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடி உயரம்கூட வராது. காலையில் பக்கத்து வாட்டர் பார்க், மதியத்துக்கு மேல் பனி, இரண்டுக்கும் ஒரே டிக்கெட். அவள் புருஷன், கீழக்கரைக்காரரான அஸீமுக்கு மசாலாக் கடையை விட்டு வர எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தால் பிள்ளைகள் அவரை இங்கேதான் இழுத்து வருவார்கள். வந்தவர் வாசல் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்குக் குளிரு ஆவாது. நீ கூட்டிட்டுப் போ புள்ள," என்றுவிட்டார்.

ரஹீமா பிள்ளைகளை எண்ணுகிறவள் இல்லை. எண்ணினால் கண்ணேறு படும் என்று அவள் வீட்டில் சொல்லுவார்கள். யாராவது "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் "அல்லாஹ் கொடுத்தது இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்கு அந்த வழக்கம் ரொம்ப வசதியாக இருந்தது. இரண்டாவது பையன் சாகிருக்கும் ஆமிராவுக்கும் நடுவில் ஒருத்தி பிறந்தாள். இரண்டே நாள். பேர் வைக்கும் ஏழாம் நாள் வருவதற்குள் மண்ணுக்குள் போய்விட்டாள். மூன்று என்று சொன்னால் அவளைக் கைவிட்டதாகும், நாலு என்று சொன்னால் கேட்கிறவர்கள் முகம் மாறும். அப்போது வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். "அழுவாதே. மறுமையில அந்தப் புள்ள ஓடி வந்து உன் கையைப் பிடிச்சுக்கும். சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போற வரைக்கும் விடாது." ரஹீமா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்து எழுந்தாள்.

இன்று காலை டிக்கெட் கவுண்டரில் அவளுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. குடும்ப டிக்கெட்டில் நாலு பிள்ளைகளுக்குக் கையில் கட்டும் நுழைவுப் பட்டை உண்டு. "மூணு போதுமா?" என்று அந்த ஆள் கேட்டான். "நாலு," என்றாள். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் நெஞ்சு இனித்தது. மூன்றைப் பிள்ளைகள் கையில் கட்டிவிட்டு, நாலாவது நீலப் பட்டையை யாருக்கும் தெரியாமல் தன் கைப்பையின் வாரில் கட்டிக்கொண்டாள்.

இப்போது பூட்ஸ் மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது பையின் வாரில் அந்தப் பட்டை இல்லை. தண்ணீரில் எங்கேயோ விழுந்திருக்கும் என்று நினைத்தாள்.

கனத்த பிளாஸ்டிக் திரையை விலக்கி உள்ளே போனதும் குளிர் மூக்குத் துவாரத்தைச் சுட்டது. உச்சியில் குளிர்காற்று எந்திரம் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. பலபேர் போட்டுக் கழற்றிய ஜாக்கெட்டுகளின் ஈர நாற்றம், ரப்பர் நாற்றம், அவற்றுக்கு அடியில் மெலிதாக நீச்சல் குளத்துக் குளோரின் வாடை. விளக்கெல்லாம் ஊதா கலந்த நீலம்; பகலிலும் அங்கே மக்ரிப் நேரத்து மங்கல்போல இருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் அலைக்குளத்தின் அடிப்பாகம், பச்சைத் தண்ணீர், நீந்துகிறவர்களின் கால்கள். ஜாக்கெட்டை அவரவரே கொக்கியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சின்னவர்களுக்கெல்லாம் சிவப்பு, தலைக்குத் தொப்பி, முகத்துக்குக் கம்பளி உறை. கண் மட்டும்தான் தெரியும்.

பெரியவன் ஈசா சரிவின் மேலே ரப்பர் வளையத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே விரல் நீட்டினான். "ஒன், டூ, த்ரீ... உம்மா, என்னையும் சேத்து ஃபோர்."

"புள்ளைகள எண்ணாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று ரஹீமா அதட்டினாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது.

"பட் உம்மா, அங்க பாருங்க..."

"வாயை மூடு. வழுக்கிட்டு வா."

அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். ரஹீமா சாகிர் வழுக்கி வருவதைப் போனில் படம் பிடித்தாள். பனித்தூள் பறக்க அவன் கத்திக்கொண்டே வந்து அவள் காலடியில் கவிழ்ந்தான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஒரு சின்னக் கை வந்து அவள் கைக்குள் நுழைந்தது.

ஆமிரா. ரஹீமா பார்க்காமலே அந்தக் கையைப் பொத்திக்கொண்டாள். கையுறை இல்லை. விரல்கள் சில்லிட்டிருந்தன, நனைந்தும் இருந்தன. "கையுறைய எங்கடி தொலைச்சே?" என்றாள். பதில் இல்லை. ஆமிரா பேச்சை நிறுத்தினால் உலகமே நின்றுவிட்டதாக அர்த்தம். தூக்கத்தில்கூட வாய் ஓயாது அவளுக்கு. குளிரில் பேச்சு அடங்கிவிட்டது என்று ரஹீமா நினைத்தாள். சிவப்புத் தொப்பியைத் தடவிக்கொடுத்தாள். தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடி விறைத்து, நுனியில் பனி கட்டியிருந்தது.

குளோரின் வாடை இப்போது பக்கத்திலேயே வந்தது.

கையைத் தேய்த்துச் சூடாக்கப் பார்த்தாள். சூடு ஏறவில்லை. அவள் கையிலிருந்த சூடுதான் இறங்கிக்கொண்டே போனது, விரலிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு. போன் அடித்தது. அஸீம்.

"அஸர் தொழுகைக்கு நேரமாச்சு. யல்லா, கிளம்புங்க. புள்ளைக எல்லாம் இருக்குதுல்ல?"

"இருக்காங்க மச்சான்."

"ஏன் உன் குரலு நடுங்குது?"

"குளிரு மச்சான்," என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்தபிறகும் நடுக்கம் நிற்கவில்லை. பயம் என்று அவளுக்கே தெரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. அப்போது வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பிள்ளைகளை எண்ணினாள், வாய்க்குள்ளேயே, உதடு அசையாமல். சரிவிலிருந்து இறங்கி வருகிற ஈசா ஒன்று. பனியில் புரளுகிற சாகிர் இரண்டு. கையைப் பிடித்துக்கொண்டிருப்பது மூன்று.

மூன்று. சரியாக இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று மூச்சு விட்டாள்.

ஈசா வளையத்தை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். இன்னும் கோபம் தீரவில்லை அவனுக்கு. தங்கையைப் பார்த்தான். உம்மாவைப் பார்த்தான்.

"ஆமிரா எங்க உம்மா?"

"இதோ நிக்கிறாளே."

"இது ஆமிரா இல்ல. அந்த இன்னொரு பொண்ணு. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சிட்டு கிளாஸ்கிட்ட போனாங்க. நான் மேல இருந்து பாத்தேன்." அவன் உதடு பிதுங்கியது. "ஒருத்திதான் திரும்பி வந்தா. நான் சொல்ல வந்தேன். நீங்கதான் எண்ணக் கூடாதுன்னு சொன்னீங்க."

ரஹீமா குனியவில்லை. குனியப் பயமாக இருந்தது. கண்ணை மட்டும் தாழ்த்தினாள்.

சிவப்பு ஜாக்கெட். அதன் கைநுனியில் ஒரு நீலப் பட்டை. அவள் பையில் கட்டிய அதே முடிச்சு. கீழே பனி. பனியின் மேல் இரண்டு வெறும் பாதங்கள். செருப்பே அறியாத பாதங்கள். குதிகாலில்கூட ஒரு கோடு இல்லை.

விரல்கள் இறுகின.

எந்திரத்தின் முனகல் நின்றதுபோல இருந்தது. கண்ணாடிச் சுவர் பக்கம் அவள் தலை தானாகத் திரும்பியது. அலைக்குளத்தில் கால்கள் எதுவும் இல்லை இப்போது. அலையை நிறுத்தி எல்லோரையும் கரையேற்றியிருந்தார்கள் போல. பச்சைத் தண்ணீர். அசைவில்லை. அடித்தரையில் ஒரு சிவப்பு.

ஆமிரா.

ஜாக்கெட்டோடு. அவளே மாட்டிவிட்ட பூட்ஸோடு. குளத்தின் அடியில், கண்ணாடியை ஒட்டி, நேராக நின்றுகொண்டிருந்தாள். தொப்பி கழன்று முடி மேலே மிதந்தது. கண் திறந்திருந்தது. உம்மாவைத்தான் பார்த்தது.

ரஹீமா ஓடப் பார்த்தாள். முடியவில்லை. கையை உதறினாள். விடவில்லை. அடித்தாள், தான் பெற்ற அந்தக் கையை, மாறி மாறி அடித்தாள். விடவில்லை. "ஈசா, யாரையாச்சும் கூப்பிடுடா," என்றாள். சொன்னதாக நினைத்தாள். தொண்டையிலிருந்து புகை மட்டும்தான் வந்தது.

சின்னக் கை இழுத்தது. மெல்ல. ஆசையாக. கண்ணாடியை விட்டு விலகி, வெளியே போகிற கதவுப் பக்கம்.

கண்ணாடிக்கு அப்பால் ஆமிரா உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். சத்தமே வரவில்லை.