கார் என்ன பாவம் செய்தது?

பனியைத் தோண்டினால் கார் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜன்னல் வரை தோண்டியபோது யோர்மாவும் வந்தான்.

டிரைவர் சீட்டில். கம்பளித் தொப்பியோடு. வாய் லேசாகத் திறந்து, ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி...

நவம்பரில் ஸ்பெயினுக்குப் போனவன். ஏப்ரல் கடைசியில், வடதுருவத்தை ஒட்டிய கெமியார்வியில், தன் வீட்டு வாசலில், தன் காருக்குள்ளேயே இருந்தான்.

வருஷா வருஷம் இந்த நாளில் குடியிருப்பே மண்வாரியோடு முற்றத்தில் இறங்கும். மிச்சப் பனியை வாரித் தள்ளிவிட்டு சாசேஜ் சுட்டுச் சாப்பிடும். இன்றைக்குப் பிணம் கிடைத்ததும் ஒருவரும் கார்க் கதவைத் தொடவில்லை. போலீஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் கருகிவிடாமல் சாசேஜைத் திருப்பிப் போட்டார்கள்.

திருப்பிப் போட்டவர் பென்ட்டி. குடியிருப்புச் சங்கத் தலைவர்.

இன்ஸ்பெக்டர் ஐலா முதலில் அவரிடம்தான் போனாள்.

"யோர்மா எப்ப கிளம்பினாரு, தலைவரே?"

"எனக்கெப்படித் தெரியும்? மூணு வருஷமா பேச்சுவார்த்தை இல்லை. அவன் கார்ப் பக்கம்கூட நான் போறதில்லை."

"ஏன்?"

"பிடிக்கலை."

அதற்குள் ராய்மோ காரிலிருந்து தலையை வெளியே எடுத்தான். ஐலாவின் உதவியாளன். எந்தக் கேஸையும் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடப் பார்க்கிறவன்.

"பின்மண்டை உடைஞ்சிருக்கு, மேடம். சீட்டுல சொட்டு ரத்தம் இல்லை. வெளியில அடிச்சு, உள்ளே தூக்கி உக்கார வெச்சிருக்காங்க."

"பொண்டாட்டி எங்கே?"

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள் அம்பாரோ. ஸ்பெயின்காரி. தோளில் போர்வை, கையில் ஆறிப்போன காபி.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"பெட்டியைத் தூக்கிட்டு இறங்கும்போது. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, கார்ல உக்காந்திருக்கேன்னார்."

"நீங்க கூடப் போகலையா? உங்க ஊராச்சே."

"அந்த வெயில் ஆகாமத்தானே இவரைக் கட்டிக்கிட்டு இங்கே வந்தேன்."

ராய்மோ இருமினான்.

"இத்தனை மாசமா ஒரு போன் இல்லை. தேடலையா?"

"போன வருஷமும் பண்ணலை. ஏப்ரல்ல கருத்துப் போய் வந்து நிப்பார். நானும் நிம்மதியா இருந்தேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இப்படிச் சொல்லக் கூடாது, இல்லையா?"

"சொல்லக் கூடாது," என்றாள் ஐலா.

ராய்மோ அவளைத் தனியே இழுத்துப் போனான்.

"கேஸ் முடிஞ்சுது, மேடம். காரணமும் அவளே சொல்லிட்டா. விலங்கு போட்டுடவா?"

அம்பாரோ இன்றைக்குத் தூங்கப்போவது வீட்டிலா, லாக்கப்பிலா... ஐலா தலையசைப்பதில் இருந்தது.

ஐலா தலையசைக்கவில்லை. காரின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைப்பரைப் பாரு."

இரண்டு வைப்பரும் கண்ணாடியை விட்டு நிமிர்ந்து நின்றன. சரணடைந்தவன் கை தூக்கியதுபோல.

"ஆமா. பனியில ஒட்டிக்காம இருக்கத் தூக்கி விட்டிருக்கு. நாம எல்லாரும் செய்யறதுதானே?"

"உள்ளே செத்துக் கிடக்கிறவன் எப்படிடா வெளியில வந்து தூக்குவான்?"

ராய்மோவின் வாய், யோர்மாவின் வாய் மாதிரியே ஆனது.

"கொன்னவன் தூக்கியிருக்கான். யோசிச்சுச் செய்யலை... கைப்பழக்கம். பொணத்தை உக்கார வெச்சான், கதவைச் சாத்தினான், போற போக்குல வைப்பரைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

அம்பாரோவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது ஏன் இப்படி நிக்குது?"

"உடைஞ்சுபோச்சா?" என்றாள் அம்பாரோ. "எனக்குக் கார் ஓட்டத் தெரியாதே."

"நடிக்கிறா, மேடம்," என்று ராய்மோ முணுமுணுத்தான்.

"இருக்கலாம்."

ஐலா காருக்குள் தலையை விட்டாள். எட்டிப் பார்த்தாள். பிறகு டிக்கியைத் திறந்து, யோர்மாவின் பெட்டியை நகர்த்தினாள். நீண்ட நேரம் குனிந்தே இருந்தாள்.

மூடினாள்.

நேராக அடுப்புப் பக்கம் வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"ராய்மோ, இந்தம்மாவை வண்டியில ஏத்து. இவதான்."

அம்பாரோவின் கையிலிருந்து கோப்பை நழுவியது. ராய்மோ விலங்கை எடுத்தான்.

"காரை நிறுத்தியிருக்கிற லட்சணமே சொல்லுது. நம்ம குளிர் தெரிஞ்சவ செஞ்ச வேலையா இது? ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டிருக்கா. சக்கரத்தோட உறைஞ்சு ஒட்டிக்கிச்சு."

சாசேஜைத் திருப்பிய இடுக்கி நின்றது.

"டாங்க்ல பெட்ரோலே இல்லை. உள்ளெல்லாம் ஈரம் கோத்துத் துரு."

பென்ட்டியின் கழுத்து சிவந்தது.

"டிக்கி பேட்டரியைக் கழட்டவே இல்லை. செத்துக் கெடக்கு. நல்ல ஹைபிரிட் கார்... இனி காயலான் கடைக்குத்தான்."

"தெரியாம பேசாதீங்க."

பென்ட்டி.

"என்ன தலைவரே?"

"பிரேக்கை எவனும் இழுக்கலை. சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் குடுத்திருக்கு, தோண்டிப் பாருங்க. டாங்க் கழுத்து வரைக்கும் ரொம்பியிருக்கு. பேட்டரி என் கிடங்குல பத்திரமா இருக்கு, மாசாமாசம் சார்ஜ் போட்டுக்கிட்டிருக்கேன். இந்தக் குளிர்ல காரை வெளியில விட்டா அப்படித்தான் வைக்கணும்! லட்சணமாம் லட்சணம்..."

தான் சொன்னது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

கொழுப்பு சொட்டி நெருப்பு சீறியது.

"கார்ப் பக்கமே போறதில்லேன்னீங்க," என்றாள் ஐலா மெதுவாக.

பென்ட்டி இடுக்கியைக் கீழே வைத்தார். சாசேஜ்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் வைத்தார்.

"அந்தக் கார் இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகும்," என்றார். "ஹீட்டருக்காக ஆன்ல வெச்சுக்கிட்டு உள்ளே உக்காந்திருந்தான். இன்ஜின் அணையும், பிடிக்கும், அணையும், பிடிக்கும்... என் ஜன்னலுக்கு நேர் கீழே. மூணு வருஷமா, குளிர் ஆரம்பிச்சா அவன் ஸ்பெயினுக்குக் கிளம்பற வரைக்கும் இதான். அன்னைக்கு இறங்கி வந்து, நிறுத்துடான்னேன். வெளியில வந்து சிரிச்சான். 'அது என் பேச்சைக் கேட்காது, நீ வேணா சொல்லிப் பாரு'ன்னான். தள்ளினேன். காருக்குக் கரன்ட் குடுக்கிற இரும்புக் கம்பத்துல மண்டை மோதிச்சு."

"ஆம்புலன்ஸ் கூப்பிடலை?"

"செத்துட்டான்."

"அதனால உள்ளே உக்கார வெச்சீங்க."

"பனி கொட்ட ஆரம்பிச்சுது."

"பக்கத்துல பொணத்தை வெச்சுக்கிட்டு டாங்க்கை நிரப்பி, பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனீங்க?"

பென்ட்டி அவளை ஒரு மாதிரி பார்த்தார். இதுகூடவா புரியவில்லை என்கிற பார்வை.

"சண்டை எனக்கும் அவனுக்கும்தான். கார் என்ன பாவம் பண்ணுச்சு?"

ராய்மோ அம்பாரோவிடமிருந்து விலகி வந்து பென்ட்டியின் கையில் விலங்கை மாட்டினான். அம்பாரோ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று போர்வைக்குள் தெரியவில்லை.

போலீஸ் வண்டியில் ஏறும்போது பென்ட்டி திரும்பினார்.

"எத்தனை குளிர்காலம் உள்ளே இருக்கணும்?"

"அது கோர்ட் பாடு," என்றாள் ஐலா. "ஆனா கவலைப்படாதீங்க, தலைவரே... உங்களைக் குளிர்ல வெளியில நிறுத்த மாட்டாங்க."