பின்பக்கக் கொக்கி

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடிப்படியில் மீன் வாடையும் மல்லிகை வாடையும் சேர்ந்து ஏறி வந்தன. தீபாவளி நெருக்கம். தையல்காரர் நாகூர் கனி நிதீஷைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"வீட்டுக்காரம்மா வரலையா தம்பி? கழுத்து ஏறிடுச்சு, கை இறங்கிடுச்சுன்னு திட்டுவாங்களே. இந்தத் தடவ தப்பிச்சேன் லா!"

"பிஸி," என்றான் நிதீஷ்.

நிரஞ்சனா இறந்தபின் வரும் முதல் தீபாவளி. அதை அவரிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"எப்பவும் போல கொக்கி பின்னாடிதான். அளவு ஜாக்கெட்டும் உள்ள இருக்கு." கனி சேலையும் புது ஜாக்கெட்டும் இருந்த பையை நீட்டினார்.

பின்பக்கக் கொக்கி அவளுக்கு எட்டாது. முதுகைக் காட்டி நின்று, "நித்தி, கொக்கி" என்பாள். அவன்தான் மாட்டிவிடுவான்.

அவனுடைய உட்லண்ட்ஸ் வீட்டில் மாமியார் லட்சுமி, கூடத்தில் நிரஞ்சனாவின் படத்துக்கு முன்னால் படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். பையைப் பிரித்தவர் முகம் மாறியது.

"தச்சுட்டீங்களா மாப்ள? யாரு அளவுக்கு?"

அவன் அளவு ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினான்.

"ஜாக்கெட்டுத் துணிய வெட்டாமத்தான் படையல்ல வைப்பாங்க. கும்பிட்டு முடிச்சு, உயிரோட இருக்கறவ ஒருத்தி தன் அளவுக்குத் தச்சு உடுத்துவா. அப்பதான் போனவ நிம்மதியாப் போவா."

அவள் போக வேண்டும் என்று அவன் எப்போது கேட்டான்?

படையல் முடிந்ததும் நிரஞ்சனாவின் தங்கை வர்ஷா ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கையோடு நின்றது.

"அக்கா ஒல்லிக்குச்சி. நான் ரக்பி ஆடறவ. எப்படி அத்தான் நுழையும்?" சிரித்தாள். பிறகு அழுதாள்.

"பிரிச்சு இவ அளவுக்கு விட்டுக் குடுங்க," என்றார் லட்சுமி.

சரியென்று தலையாட்டினான். அவர்கள் போனதும் சேலையையும் ஜாக்கெட்டையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

சில நாள் கழித்து ஒரு மாலை அலமாரியைத் திறந்தான். அவளுடைய கடைசி நாட்களின் மருத்துவமனைக் கிருமிநாசினி வாடை முகத்தில் அடித்தது. ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான்.

சூடாக இருந்தது.

அக்குளில் ஈரம். கழுத்தோரம் அவள் போடும் பவுடர்.

பயந்திருக்க வேண்டும். அவன் அதை முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுவாரம் ஆபீசில் இருக்கும்போது நாகூர் கனி போன் செய்தார்.

"வீட்டுக்காரம்மா இப்பதான் வாங்கிட்டுப் போறாங்க தம்பி. ரொம்ப இளைச்சுட்டாங்களே? ஆனா ஜாக்கெட்ட பெருசாக்கச் சொன்னாங்க. உள்ள துணி விட்டிருந்தேன், பிரிச்சுட்டேன்."

"யாரு அளவுக்கு?"

"தங்கச்சி அளவுக்காம். அவங்க ஜாக்கெட்டு ஒண்ணு கொண்டாந்தாங்க."

வர்ஷாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

உட்லண்ட்ஸ் வந்து சேர்ந்தபோது மழை. நடைபாதை முழுக்க மல்லிகை வாடை. வீட்டுக் கதவு திறந்திருந்தது.

படுக்கையறையில் வர்ஷா நின்றாள். அந்தச் சேலை. அந்த ஜாக்கெட். அளவெடுத்தது போல இருந்தது. முதுகு அவன் பக்கம்.

கொக்கிகள் எல்லாம் மாட்டியிருந்தன. ஒன்று மட்டும் பாக்கி.

"வர்ஷா?"

"நித்தி, கொக்கி."

அவன் கால்கள் தாமாகவே நடந்தன. கிட்டே போனதும் அதே வாயிலிருந்து, எங்கோ கிணற்றடியிலிருந்து வருவது போல, வேறொரு குரல்.

"அத்தான்... இறுக்குது. மூச்சு முட்டுது. கழட்டி விடுங்க அத்தான்."

அவன் விரல்கள் கொக்கியில் நின்றன. கழற்றினால் வர்ஷா வந்துவிடுவாள். நிரஞ்சனா போய்விடுவாள். அதை யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அத்தான், ப்ளீஸ்."

மேசைமேல் போன் அடித்தது. திரையில் லட்சுமியின் பெயர்.

"நித்தி," என்றாள் நிரஞ்சனா, கொஞ்சம் அலுப்போடு, எப்போதும் போல. "லேட் ஆகுது."

அவன் கொக்கியை மாட்டினான்.

போன் அடித்து ஓய்ந்தது. அவள் திரும்பி, அவனைத் தாண்டி, தலை முடிந்துகொண்டே சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கூடத்துக்கு வந்தவன் படத்தின் முன்னால் நின்றுவிட்டான்.

தரையில் இலை போட்டிருந்தது. அதன்மேல், நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது வர்ஷாவின் ரக்பி ஜெர்சி.