கீழே மழை, மேலே வெயில்

தீர்த்தம்மாளுக்குத் தொண்டை பெரிது. அவள் வாசலில் நின்று ஆட்டைக் கூப்பிட்டால் பக்கத்து ஊர் ஆடும் திரும்பிப் பார்க்கும் என்பார் அவள் அப்பா கிருஷ்ணப்பன்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருந்தது அவர்கள் ஊர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம் அது. அந்த வருஷம்தான் சந்தைத் திடலில் சர்க்கார் ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சந்தை நாளில் அதைச் சுற்றிக் கூட்டமோ கூட்டம். ஆனால் அந்த ரேடியோ பேசியதைவிட இருமியதுதான் அதிகம். கொர்ர்ர் என்று அது இருமினால் முன்னால் நிற்பவர்களுக்கே பாதிதான் காதில் விழும்.

அதனால் தீர்த்தம்மாளுக்கு ஒரு வேலை கிடைத்தது. ரேடியோப் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கேட்க வேண்டும். பிறகு கல்மேடை மேல் ஏறி, கேட்டதைச் சந்தை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். பத்து வயதில் இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும்? அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்கழி மாதத்துச் சந்தை அது. ரேடியோ அந்த வாரத்து வானிலையைச் சொல்லிற்று.

"வரும் வாரத்தில்... கொர்ர்ர்... மலைகளில் குளிர் கூடும். அடிவாரத்தில் காலை வேளையில் மூடுபனி இருக்கும். வாரக் கடைசியில் ஜில்லாவின் கிழக்குப் பக்கம் மழை பெய்யும். மேற்குப் பக்கம்... கொர்ர்ர்... மழை இராது."

தீர்த்தம்மாள் மேடையில் ஏறினாள். தன் தெருவில் எல்லாரும் பேசுவது போலவே சொன்னாள்.

"குளிரு சாஸ்தியாகுமாம்! காத்தால மூடுபனியாம்! வாரக் கடைசியில கீழ மழை வருமாம்! மேல மழை இல்லியாம்!"

கூட்டத்தில் அவளுடைய சிநேகிதி சின்னபொண்ணு நின்றிருந்தாள். மலைமேல் இருக்கும் ஊர்க்காரி. சந்தைக்குச் சந்தை தன் அப்பா செல்லனோடு இறங்கி வருவாள். இதைக் கேட்டதும் கை தட்டிக் குதித்தாள்.

"ஏ தீர்த்தா, நல்ல சேதி சொன்ன! அறுத்த சாமை மொத்தமும் பாறை மேல காயுது. மழை வந்துருமோன்னு அப்பா பயந்துக்கிட்டே இருந்தாரு."

செல்லனும் சிரித்தார். "இன்னிக்கே ஓடிப்போயி கட்டி உள்ள வெக்கலாம்னு இருந்தன். ரேடியோவே சொல்லிப்புடுச்சே! வாரம் முழுக்க நல்லா காயட்டும்."

அரிசி ரேஷனில் அளந்து கொடுத்த காலம் அது. மலையில் செல்லன் வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சோறு அந்தச் சாமைதான். இருவரும் உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு, பாடிக்கொண்டே மலையேறிப் போனார்கள்.

வாரக் கடைசி நெருங்கியது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் கிருஷ்ணப்பன் கேழ்வரகுப் போரின் மேல் பனையோலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கீழ்க்காட்டுக்குப் போயி அவரைக்காயைப் பறிச்சிக்கிட்டு வா. மழை வந்தா பூவும் பிஞ்சும் கொட்டிப்போயிரும்" என்றார்.

தீர்த்தம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மூடுபனி தெருவையே விழுங்கியிருந்தது. ரேடியோ சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள். கீழ்க்காடு மலைச்சரிவில் இருந்தது. ஏற ஏற மூச்சு வாங்கியது. பாதி வழியில் கூடையை இறக்கி வைத்தாள்.

'இம்மாம் மேட்டுல இருக்குற காட்டுக்குக் கீழ்க்காடுன்னு பேர் வச்சது யாரு?' என்று எரிச்சலோடு நினைத்தாள்.

யார் வைத்தால் என்ன, காரணம் அவளுக்கே தெரியும். காடு கிழக்கில் இருந்தது. அதனால் கீழ்க்காடு. மேற்கில், பள்ளத்தில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது மேல்காடு. அவர்கள் ஊரில் கீழ் என்றால் கிழக்கு, மேல் என்றால் மேற்கு. இது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவர்கள் ஊர்க் குழந்தைக்கு!

தீர்த்தம்மாளுக்குத் திக்கென்றது. மலைமேல் இருப்பவளுக்குக் கீழே என்றால் அடிவாரம், மேலே என்றால் மலை. சின்னபொண்ணு கை தட்டிக் குதித்தது அதனால்தான்! மழை வரப்போவதோ கிழக்கே. கிழக்கே இருப்பது சின்னபொண்ணின் மலைதான்.

கூடையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா! மலை மேல சாமை நனையப் போவுது!"

விஷயத்தைச் சொல்வதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் சொன்னத நம்பித்தானே அவங்க கட்டி வெக்காம வுட்டுட்டாங்க?"

கிருஷ்ணப்பன் ஓலையைக் கீழே போட்டார். அவளைத் திட்டவில்லை. தலைப்பாகையை இறுக்கிக் கட்டினார். "அழுதா சாமை காயாது. வா, போலாம்."

இருவரும் மலைப்பாதையில் ஏறினார்கள். பாதி மலை ஏறியதும் பனி இன்னும் கெட்டியானது. பக்கத்தில் வந்த அப்பாவே மங்கலாகத்தான் தெரிந்தார். குளிரில் பல் தந்தியடித்தது. பாதை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை.

கிருஷ்ணப்பன் நின்றுவிட்டார். "இதுக்கு மேல போனா கால் எங்க போவும்னு சொல்ல முடியாது. பனி விலகட்டும்."

"பனி விலகறதுக்குள்ள மழை வந்துருமே!"

அப்போது பனிக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஆட்டுக் கழுத்து மணி. மேலே, பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லன் வீட்டு ஆடுகளை மேய்ப்பது சின்னபொண்ணுதான்.

தீர்த்தம்மாள் மூச்சை நன்றாக இழுத்தாள்.

"சின்னபொண்ணூஊஊ!"

 மேலிருந்து, "யாரூஊஊ?" என்று பதில் வந்தது. சின்னபொண்ணேதான்!

"நான் தீர்த்தா! மழை கெழக்கேஏஏ!"

"தெரியுமே! கீழேன்னு அன்னிக்கே சொன்னியே!"

"கீழ இல்ல! கெழக்கே!"

"அதான், கீழேதானே!"

காற்று பாதி எழுத்துகளைத் தின்றுகொண்டிருந்தது. தீர்த்தம்மாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கிழக்கு என்றாலும் கீழேதான் போய்ச் சேருகிறது. கீழேயும் வேண்டாம், மேலேயும் வேண்டாம். யாருக்கும் மாறாத வார்த்தை ஒன்று வேண்டும்.

யோசித்தாள். தினமும் காலையில் வாசலில் நின்றால் அவள் கண்ணில் படுவது என்ன?

"சின்னபொண்ணு! எங்க ஊருக்குப் பொழுது எந்தப் பக்கம் கெளம்புதூஊ?"

"இது என்ன விடுகதையா? எங்க மலை மேலதான்!"

"மழை அந்தப் பக்கந்தான் வருதூஊஊ!"

 "அய்யய்யோ, அது நாங்களாச்சே!" என்று ஒரு அலறல். அப்புறம் ஆட்டு மணிகள் தடதடவென்று மலைமேல் ஓடின. அவை ஓடிய வேகத்தைக் கேட்டு, அந்தக் குளிரிலும் கிருஷ்ணப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பாவும் மகளும் ஊருக்குத் திரும்பினார்கள். அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மலையே தெரியாமல் கொட்டியது. தீர்த்தம்மாள் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தாள். அம்மா கூப்பிட்டும் களி உண்ணப் போகவில்லை. சாமையைக் கட்டியிருப்பார்களா? பாதிதான் முடிந்திருக்குமா? கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. 

அடுத்த சந்தை நாளில் அவள்தான் திடலுக்கு முதலில் வந்தாள். மலைப்பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரமாகிவிட்டது. கடைசியில், தலையில் ஒரு சின்ன மூட்டையோடு சின்னபொண்ணு வந்தாள். பின்னால் செல்லனும் வந்தார்.

"சாமை?" என்றாள் தீர்த்தம்மாள். 

சின்னபொண்ணு மூட்டையை அவிழ்த்து, ஒரு கை சாமையை அள்ளி அவள் உள்ளங்கையில் கொட்டினாள். கலகலவென்று, உலர்ந்து, வெயில் வாசனையோடு இருந்தது.

"ஊரே கூடிக் கட்டினோம். கடைசிக் கட்டை உள்ள தூக்கி வெக்கறப்ப எங்க அப்பா முதுகுலதான் மொத சொட்டு வுழுந்துச்சு!"

"முதுகு காஞ்சிரும். சாமை நனைஞ்சிருந்தா மொளைச்சிருக்கும்" என்றார் செல்லன். "இது உங்க வூட்டுக்கு. பொங்கிச் சாப்புடுங்க."

தீர்த்தம்மாள் சாமையை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். அந்த வாரத்தில் அன்றுதான் சிரித்தாள்.

அதற்குள் ரேடியோ இருமத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய்க் காதை வைத்துக் கேட்டாள். மேடையில் ஏறினாள். சந்தையே நிமிர்ந்து பார்த்தது.

"இந்த வாரமும் குளிருதானாம்! பொழுது கெளம்புற பக்கம் இன்னொரு மழை வருமாம்! பொழுது வுழுவுற பக்கம் இல்லியாம்!"

"ஏ தீர்த்தா, ஒரு சந்தேகம்" என்று கீழிருந்து சின்னபொண்ணு கத்தினாள். "வானம் மூடிக்கிட்டா பொழுதே தெரியாதே! அப்ப எந்தப் பக்கம்னு எப்படிப் பாக்கறது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.  தீர்த்தம்மாள் வாயை மூடிக்கொண்டு, கையை நன்றாக நீட்டி மலையைக் காட்டினாள்.