ஐந்து பாகை அடிவானம்

மனித குலம் தன் அறியாமையை என்றென்றைக்குமாக விண்ணுக்கு அனுப்பித் தீர்த்துவிட்டது என்று வானலைச் சட்டத்தின் முன்னுரை முழங்கியது. அந்த மாதம் மிக அதிகமாக விண்ணுக்குப் போன கேள்வி, ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பது.

பதில் சொன்னது விண்மூளை. கிழக்கே கடலுக்கு மேல், வெகு உயரத்தில் அசையாமல் நின்ற எந்திரம். மாநிலத்தின் கேள்விகளெல்லாம் கருவேலம்பாக்கம் ஏற்றுநிலையத்தில் சேர்ந்து, கல்யாண மண்டபம் அகலமுள்ள ஒரு தட்டின் வழியே கதிராக மேலே போயின. போகும்போது கொஞ்சம் பக்கவாட்டில் சிந்தும். அந்தச் சிந்தல் அடிவானத்தைத் தாண்டி, தொலைவிலுள்ள மற்ற வானலைக் கோபுரங்களின் காதை அடைக்கக் கூடாதென்று சட்டம் கதிருக்கு வரம்பு வைத்திருந்தது. கூடவே ஒரு விலக்கு. தட்டிலிருந்து பார்க்கும்போது எதிரே மலையோ மேடோ மறைத்து, அடிவானம் ஐந்து பாகைக்கு மேல் உயர்ந்திருந்தால் வரம்பே கிடையாது. சிந்துவது மேட்டிலேயே நின்றுவிடுமல்லவா!

கருவேலம்பாக்கம் தோசைக்கல் போலத் தட்டையான ஊர். ஆகவே அரசு கருணை கொண்டது. தட்டுக்கு நேர் எதிரே, இருநூறு மீட்டர் தள்ளி, ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டி, சென்னையில் ஆற்றோரம் இருந்தவர்களை லாரியில் ஏற்றி வந்து குடிவைத்தது. கோப்பில் அந்தக் கட்டடத்தின் பெயர் ‘மேடு’. மேட்டில் யாராவது வசிக்கிறார்களா என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

கதிரளவர் தில்லைநாயகம் ஆண்டுக்கொரு முறை வந்து மேட்டை அளப்பார். அவர் தட்டின் அருகில் நிற்கும் பத்து நிமிடமும் கதிரை நிறுத்திவைப்பார்கள். மாநிலம் பதிலில்லாமல் காத்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்தைத் தன் பதவியின் உச்சம் என்று அவர் கருதினார்.

இந்த முறை வாசலிலேயே குடியிருப்புச் சங்கத் தலைவி கன்னியம்மா அவரை மடக்கினாள். அவளுடைய இடக்கண்ணில் பால்போல வெள்ளை படர்ந்திருந்தது. வலக்கண்ணில் ஆரம்பித்திருந்தது.

“சார், பதினேழு பேருக்குக் கண்ணு பூட்ச்சு. அல்லாம் தட்டப் பாத்த ஊட்டுக்காரங்க.”

“மருத்துவத் துறையில மனு குடும்மா. நான் கோணம் மட்டும்தான் அளப்பேன்.”

“அத்த அளந்தா போதும் சார். வேற இன்னா கேட்டோம்?”

அவள் சிரித்ததன் காரணம் தில்லைநாயகத்துக்கு அப்போது விளங்கவில்லை. விஷயம் இதுதான். கதிர் எப்படிக் குறையும் என்று கன்னியம்மா விண்மூளையிடமே கேட்டிருந்தாள். அடிவானம் தாழ்ந்தால் வரம்பு வரும், வரம்பு வந்தால் நூறில் ஒரு பங்காகக் குறையும் என்று அது ஒளிக்காமல் சொல்லிவிட்டது. மழைக்கு ஒழுகுகிறது, மராமத்து என்று சொல்லிக்கொண்டு, மூன்று வாரம் கடப்பாரை போட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையும் தண்ணீர்த் தொட்டிகளையும் இடித்துத் தள்ளியிருந்தார்கள்.

தில்லைநாயகம் தட்டின் நடுமட்டத்திலிருந்த பரணில் ஏறிக் கோணமானியை நிறுத்தினார். கதிர் நின்றது. குறிக்கோட்டைக் கட்டடத்தின் உச்சியில் வைத்துப் படித்தார். நாலரை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். நாலரையேதான்.

நாலரை என்று எழுதினால் மாலைக்குள் தட்டு முணுமுணுக்கத் தொடங்கும். மாநிலத்தில் ஒருவருக்கும் பதில் வராது. முதல் தொலைபேசி அமைச்சர் வீட்டிலிருந்து வரும். ‘எந்த மடையன்யா அளந்தது?’

அப்போது மொட்டைமாடிக்கு ஆட்கள் ஏறி வந்தார்கள். முடிவைக் கண்ணால் பார்க்கும் ஆசை அவர்களுக்கு. கண் போனவர்களைக் கைபிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். விளிம்பின் நடுவில், சரியாகக் குறிக்கோட்டில், கன்னியம்மா நின்றாள். அவர் எங்கே நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பொதுவாகத் தட்டு இருக்கும் திசையை நோக்கிக் கையை உயரத் தூக்கி ஆட்டினாள்.

“சார்! இன்னா சார் வந்துச்சு?”

‘அடிவானம் என்பது அளவெடுக்கும் வேளையில் கண்ணுக்குத் தென்படும் உச்சி விளிம்பு’ என்கிறது சட்டம். எதனுடைய உச்சி என்று சொல்லவில்லை. தில்லைநாயகம் குறிக்கோட்டை மெல்ல உயர்த்தினார். சுவரைத் தாண்டி, புடவையைத் தாண்டி, அவள் தலையைத் தாண்டி, விரல் நுனியில் நிறுத்தினார்.

கீழே இறங்குங்கம்மா என்று ஒரு வார்த்தை போதும். தொண்டைவரை வந்தது. தண்ணீர் குடித்து அதை உள்ளே அனுப்பினார்.

“அளந்தாச்சும்மா! கொஞ்சம் அப்படியே நில்லு!”

5.05 என்று எழுதிக் கையொப்பமிட்டார். அவருடைய வண்டி வாசலைத் தாண்டியதும் கதிர் வந்துவிட்டது. மேலே சிலர் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கை வந்த அன்றே விஷயம் அவர்களுக்குப் புரிந்துபோயிற்று. கன்னியம்மா அலுவலகத்துக்கே வந்து நின்றாள். இப்போது அவளைக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டியிருந்தது.

“என் கையதான் அளந்தியா சார்?”

தில்லைநாயகம் கோப்பைப் புரட்டினார்.

“இனிமே ஒருத்தரும் மேல ஏற மாட்டோம். போய் அளந்துக்கோ.”

ஏறவில்லைதான். பிள்ளைகளைக்கூட விடவில்லை. ஆள் ஏறாத மாடி நாலரைதான் என்று சங்கம் மேல்முறையீடு செய்தது. வானலை ஆணையத்தின் தலைவர், வரம்பு வராமல் தடுக்க வழி தேடி, அறையைத் தாழிட்டுக்கொண்டு விண்மூளையைக் கேட்டார். எல்லோரையும்போல அவருக்கும் அது ஒளிக்காமல் பதில் சொன்னது. அளவெடுத்தபோது அங்கே ஓர் ஆள் நின்றிருந்தார். ஆகவே ஓர் ஆள் நிற்க வேண்டும். அளவெடுத்த நிலை மாறாமல் காப்பது, விதிப்படி, கையொப்பமிட்ட அதிகாரியின் பொறுப்பு.

மறுநாள் ஆணை வந்தது. ‘அடிவானப் பொறுப்பு அலுவலர், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.’ பதவி உயர்வு என்றே போட்டிருந்தார்கள். தில்லைநாயகத்தின் மனைவி அக்கம்பக்கத்தில் மைசூர்பாகு கொடுத்தாள்.

முதல் நாள் அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எதிரே தட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணிமைக்குள் இளஞ்சூடாக ஏதோ ஊறியது. எட்டாம் மாடி ஜன்னலிலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது.

“நிக்கிறியா சார்?”

“நிக்கிறேம்மா.”

“வெள்ள அடிக்கும். மொதல்ல இடது. பயந்துக்காத.”

பகல் முழுவதும் ஒரு மனிதனால் கையைத் தூக்கியபடி நிற்க முடியாது. இறக்கினால், ஐந்து பாகைக்குத் தலை மட்டும் போதவில்லை. தில்லைநாயகத்தின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். மூன்றாம் நாள் அவருக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள்.