இருபத்தொன்றாவது ஆள்

“கோட்டை வாசல்லயே நில்லுங்க ஆல்வின். உள்ள யாராவது கழண்டுக்கிட்டா உங்களத்தான் கூப்பிடுவேன்.”

“நிக்கிறேன்மா. எங்க பண்ணை நாய் செத்ததுக்கு அப்புறம் வாசல்ல நிக்க ஆள் இல்லாமத்தான் இருந்துச்சு. நடுவுல உள்ள வரலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா தொந்தரவா இருக்குமோ?”

“நீங்க கேக்கவே வேண்டாம். நானே கூப்பிடுறேன்.”

“சரி. அப்ப நான் கேக்கல.”

கோடையில் நடந்த பேச்சு அது. இப்போது குளிர்காலம். டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன மர வீட்டில், ஞாயிறு மதியமும் விளக்குப் போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்த கெர்ரினுக்கு அந்தக் குரல் அப்படியே நினைவுக்கு வந்தது. காரணம், திரையில், அந்த இணைய விளையாட்டுக்குள், ஆல்வின் நின்றுகொண்டிருந்தார். கோட்டைக் கதவுக்கு இடப்பக்கம், பழைய தோல் அங்கியில், ஈட்டியை ஊன்றிக்கொண்டு.

அவர் அங்கே இருக்க வழியே இல்லை. அரை மணி நேரம் அசையாமல் நிற்கும் எவரையும் விளையாட்டே வெளியே தள்ளிவிடும். அதுவும் போகட்டும். நேற்று முழுக்க விளையாட்டை மூடிப் பழுதுபார்த்து, இப்போதுதான் திறந்திருந்தார்கள். திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தவள் அவள். அவளுக்கு முன்பே அவர் அங்கே இருந்தார்.

‘ஈரச் செம்மறிகள்’ என்ற அவர்களுடைய கில்டில், அதாவது விளையாட்டுக் குழுவில், சேர்வது அத்தனை சுலபமில்லை. புதிதாக வருகிறவர் சில வாரம் கூடவே விளையாடிக் காட்ட வேண்டும். பிறகு உண்டா இல்லையா என்று சொல்வது கெர்ரினின் பொறுப்பு. கோட்டைக்குள் இருபது பேர்தான் போகலாம். மிஞ்சியவர் வாசலில் காத்திருப்பார். ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே.

நியூசிலாந்தில் ஓமரு பக்கம் தனியாக வாழும் அந்தப் பெரியவருக்குக் கை மெதுவாகத்தான் வேலை செய்தது. ‘முடியாது’ என்று முதல் வாரமே சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. வாசலில் நிற்கச் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் நிற்கச் சொன்னாள்.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. நினைத்தாலே காது மடல் சுடும். பிரிஸ்பேனிலிருந்து விளையாடும் தலைவி டாஷ் ஒருநாள், “தாத்தா ஈட்டியத் தூக்குறதுக்குள்ள டிராகனுக்கே வயசாயிடும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கெர்ரின் விடவில்லை. “அவரச் சேத்தா கூடவே ஒரு நர்ஸையும் சேக்கணும்” என்றாள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் பார்த்தாள், எல்லோரும் குரலில் பேசிக்கொள்ளும் பேச்சறையின் பட்டியலில் ஆல்வினின் பெயரும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. முதலிலிருந்தே இருந்திருக்கிறார். அடுத்த ஞாயிறு சரியான நேரத்துக்கு வந்து வாசலில் நின்றார்.

“கெர், உங்க ஆட்டு மந்தை எப்ப கலையும்?” சமையலறையிலிருந்து அவள் கணவன் பிராடி கத்தினான். “சீஸ் டோஸ்ட் போடப்போறேன். அப்புறம் ஆறிப்போச்சுன்னு என் மேல பாயக் கூடாது.”

“போடு போடு. இன்னும் கொஞ்ச நேரம்தான்.”

ஹெட்போனை மாட்டினாள். இருபது பேரும் கோட்டைக்குள் நுழைந்தார்கள். பேச்சறையில் மழை பெய்தது.

முதலில் தன் வீட்டு மழை என்றே நினைத்தாள். தகரக் கூரையில் அது காலையிலிருந்து கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளிருந்து கேட்கும் மழை வேறு. ஹெட்போனில் கேட்டது நனைந்துகொண்டிருப்பவனின் மழை. துணியில் விழுந்து, தோளில் வழிந்து, காலடிச் சேற்றில் சொட்டுகிற மழை. அதற்குப் பின்னால் எங்கோ ஒரு சுவருக்கு அப்பால் வானொலியில் கால்பந்து வர்ணனை. ஒரு சட்டி அடுப்பில் வைக்கப்படும் சத்தம். யாரோ இருமினார்கள்.

பிராடியின் இருமல்.

“டாஷ், யாரோட மைக் திறந்திருக்கு?”

“எல்லாரும் மூடியிருக்காங்க. நீ மட்டும்தான் வளவளன்னு பேசிட்டிருக்க. ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

தன் மைக்கை அணைத்துப் பார்த்தாள். மழை நிற்கவில்லை. பிராடி சீட்டியடித்தான், வெளியிலிருந்து கேட்கும் சீட்டி, மரப்பலகைச் சுவரைத் தாண்டி மங்கலாக. இந்த வீட்டுக்கு வெளியே, மிக அருகில், ஒரு காது இருந்தது.

மெல்லத் திரும்பினாள். கூடத்தின் கடைசியில் முன்கதவு. அதன் மங்கல் கண்ணாடியில் ஒரு கருமை. இடப்பக்கம். உயரமாக, சற்றே கூனி. ஈரக் கம்பளியின் வாடை கதவிடுக்கில் நுழைந்து விறகடுப்பின் புகையோடு கலந்து வந்தது.

தட்டவில்லை. மணியை அழுத்தவில்லை.

கேட்க வேண்டாம் என்று அவள்தானே சொன்னாள்.

பயத்துக்கு அடியில் வேறொன்று புரண்டது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வெட்கம். இத்தனை மாதம் ஒரு மனிதரை நனையவிட்டிருக்கிறாள், ஒரு சொல் சொல்லத் தைரியமில்லாமல். அவர் பெயரைத் தொட்டு அழைப்பை அனுப்பினாள். இடமில்லை என்றது திரை.

“டாஷ், நான் வெளிய வந்துடுறேன். என் இடத்த ஆல்வினுக்குக் குடு.”

“யாரு, தாத்தாவா? ஏய், நாங்க உயிரோட திரும்ப வேண்டாமா?”

“சிரிக்காத. ப்ளீஸ். அவரு ரொம்ப நாளா நிக்கிறாரு. நான் போறேன்.”

பொத்தானை அழுத்தினாள். கோட்டையிலிருந்து வெளியேறினாள்.

குளிர்.

தலையில் தண்ணீர். கழுத்தில். முதுகில். ஹெட்போன் இல்லை. நாற்காலி இல்லை. காலுக்கடியில் சேறு.

எதிரே மங்கல் கண்ணாடி. அதன் பக்கத்தில் கூடத்து ஜன்னல். ஜன்னலுக்குள் விளக்கு, விறகடுப்பு, கணினி. அதன் முன்னால் ஒரு பெண்ணின் முதுகு. அவளுடைய பச்சை ஸ்வெட்டர். அவளுடைய கூந்தல். பிராடி தட்டோடு வந்தான். குனிந்து அந்த உச்சந்தலையில் முத்தமிட்டான். அந்தப் பெண் டோஸ்ட்டை எடுத்தாள்.

மெதுவாக. மிக மெதுவாக. ரொம்ப நாள் பழக்கமில்லாத கையைப் போல.

“பிராடி!”

சத்தம் வரவில்லை. தட்டக் கை ஓங்கினாள். கை கதவுவரை போகவில்லை. கால் நகரவில்லை. இடப்பக்கம்தான் அவளுடைய இடம் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. மழை பெய்தது. நாள் மாற நாள் மாற விளக்கு அணைந்தது, ஏற்றப்பட்டது, மறுபடி அணைந்தது. திரைச்சீலையை இழுக்க வந்த பிராடி அவளை நேராகப் பார்த்தான். மழையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இழுத்து மூடினான்.

அப்போதுதான் அவள் வாய் திறந்தது. வந்த குரல் அவளுடையதில்லை. வயதானது, பணிவானது, இத்தனை காலம் அடக்கிவைத்துத் தேய்ந்தது.

“தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா. நானும் உள்ள வரலாமா?”