முதலில் வலது காலுக்கு

புதுக் காலுறையின் மேல் விளிம்பைப் பின்னி முடித்துவிட்டு, அளவு பார்க்க உள்ளே விரலை விட்டாள். கதகதவென்று இருந்தது. யாரோ இப்போதுதான் காலை உருவிக்கொண்டு போனதுபோல. அறையோ ஐஸ் பெட்டி மாதிரி கிடந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் மேலே பின்னினாள். பயப்படுவதற்கெல்லாம் அவளுக்கு நேரம் கிடையாது.

அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். சர்க்கரை நோயில் புண் புரையோடி, பிரேக்கை மிதித்துக் காய்த்துப்போன அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது இடது பெருவிரலும் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தக் காலையும் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கம்பளி நூல் கடைக்காரி, ஒற்றைக் காலுக்கு எதற்கு இவ்வளவு நூல் என்று கரிசனமாகக் கேட்டபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜோடியாகத்தான் பின்னுவேன், அதிலும் வலதுதான் முதலில் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தாள்.

காலுறையில் கயிறு முறுக்கியது மாதிரி ஒரு வேலைப்பாடு. சில கண்ணிகளைத் துணை ஊசியில் ஏற்றிப் பின்பக்கம் நிறுத்திவிட்டு அடுத்தவற்றை முதலில் பின்னினால், முறுக்கு வலப்பக்கம் சாயும். ஒவ்வொரு முறுக்கு விழும்போதும், வெளியே நடையின் இருட்டில், ஈரமான பாதம் ஒன்று தரையில் பதிந்து எழுகிற சத்தம் கேட்டது. ஒரே பாதம். அடுத்தது விழவில்லை. கூடவே, கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சகித்த அந்தப் புண்ணின் நெடி, மருந்து வாடையோடு கலந்து கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

அவள் கை நிற்கவில்லை.

"வர்றதுன்னா உள்ள வா," என்றாள் கதவைப் பார்த்து. "அது அவரோட கால். யாருக்கும் எழுதிக் கொடுத்துடல."

சத்தம் நின்றது. நெடி நிற்கவில்லை.

கணுக்கால்வரை பின்னியாகிவிட்டது. விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. குனிந்து பார்த்தாள். மடியில் காலுறை இல்லை. ஊசிகள் இல்லை. நூல் மட்டும் உருண்டையிலிருந்து இழுபட்டு, கதவைத் தாண்டி, படுக்கையறைக்குள் போயிருந்தது.

"ஏம்மா, போட்டு விட்டுட்டியா?" உள்ளிருந்து அவன் தூக்கக் கலக்கத்தில் கேட்டான். "வலது கால் இப்பதான் நல்லா இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "இடதுதான் குளிருது," என்றான்.

ஓடினாள். போர்வையை விலக்கினாள்.

வலப்பக்கம் காலுறை. முடியாத விளிம்பில் ஊசிகள் தொங்கின. அதற்குக் கீழே கறுத்த பாதம். பெருவிரலில் மருத்துவமனைக்காரர்கள் கட்டிய அடையாளச் சீட்டு.

இடப்பக்கம், முழங்காலுக்குக் கீழே, வெறும் படுக்கை விரிப்பு.

எங்கிட்டயே பேரமா என்று பல்லைக் கடித்தாள். சீட்டைப் பிய்த்து எறிந்தாள். கட்டில் விளிம்பில் அழுத்தமாக உட்கார்ந்து, நூலை அறுத்து, வேறு ஊசிகளில் கண்ணி ஏற்றினாள். இடதுக்கு. இந்த முறை முறுக்கு இடப்பக்கம் சாய வேண்டும்.

கறுத்த கால்விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அவள் கம்பளிச் சட்டையின் ஓரத்தைக் கவ்விக்கொண்டன.